5 நாளில் லைசென்ஸா? இங்கிலாந்தில் இன்டென்சிவ் டிரைவிங் கோர்ஸ் யாருக்குச் சரிப்படும்

ரெண்டு மாதம் முன்பு ஒரு ராத்திரி சித்தி மகளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. நாகர்கோவில்காரி, மில்டன் கீன்ஸில் நர்ஸாக வந்து ஏழு மாதம் ஆகிறது. படத்தில் ஒரு பெண் சிவப்பு எல் போர்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு சிரிக்கிறாள். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘5 நாளில் லைசென்ஸ்’. அதற்குக் கீழே இவள் அனுப்பியது ஒரே வரி: “அண்ணா, பணத்தைக் கட்டிரட்டா?”

நான் திருப்பிக் கேட்டேன்: “தியரி எழுதியாச்சா?”

“அது கோர்ஸ்லயே வராதா?”

போனைப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அவளிடம் ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஊரில் ஓட்டிப் பழகிவிட்டு இங்கே வந்து மறுபடி எல் போர்டு மாட்டுகிற நம்மாட்கள் வருஷாவருஷம் கேட்கிற கேள்வி இது. கேள்வி ஒன்றுதான், ஆனால் ஆளுக்கு ஆள் பதில் மாறும்.

இன்டென்சிவ் கோர்ஸ் என்றால் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு மணி, ரெண்டு மணி என்று மாதக்கணக்கில் பழக வேண்டியதை ஒரே வாரத்துக்குள் அடுக்கித் தருவார்கள். நாளைக்கு நாலைந்து மணி நேரம், சில இடங்களில் ஆறு மணி நேரம். 10 மணி, 20 மணி, 30 மணி, 40 மணி என்று பேக்கேஜாக விற்பார்கள். கடைசி நாள் மத்தியானமோ மறுநாள் காலையிலோ டெஸ்ட். இதையே ரெண்டு மூன்று வாரத்துக்குப் பரப்பினால் செமி-இன்டென்சிவ். கிராஷ் கோர்ஸ் என்றும் சொல்வார்கள். கார் ஓட்டப் பழகும் இடத்தில் அந்தப் பேரை எப்படித்தான் வைத்தார்களோ. பாடம் அதே பாடம், டெஸ்ட் அதே டெஸ்ட். காலண்டர் மட்டும்தான் மாறுகிறது. அதாவது இந்த கோர்ஸ் நாளை மிச்சம் பிடிக்கும். மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை இந்திய லைசென்ஸை வைத்துக் கார் ஓட்டலாம். இலங்கை லைசென்ஸுக்கும் அதே கணக்கு. அதற்குப் பிறகு செல்லாது. சிங்கப்பூர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் டெஸ்ட் எழுதாமல் பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம்; அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. ஆக, ஊரில் இருபது வருஷம் ஓட்டியவரும் பதினேழு வயதுப் பையனோடு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். முதல் படி புரொவிஷனல், நம்ம ஊர் எல்எல்ஆர் மாதிரி. ஆன்லைனில் 34 பவுண்டு. அடுத்தது தியரி டெஸ்ட், 23 பவுண்டு. 50 கேள்வி, 43 சரியாக இருக்க வேண்டும். கூடவே ஹசார்ட் பெர்செப்ஷன் என்று 14 வீடியோ துண்டுகள் ஓடும். ஆபத்து உருவாக ஆரம்பிக்கிற கணத்தில் மவுஸைச் சொடுக்க வேண்டும், 75க்கு 44 வாங்கினால் பாஸ். சும்மா தட்டிக்கொண்டே இருந்தால் எங்காவது மாட்டும் என்று நினைத்துத் தட்டினால் அந்தத் துண்டுக்குப் பூஜ்யம் போட்டுவிடும். இந்தத் தியரி சர்டிபிகேட் 2 வருஷம் செல்லும். இது கையில் இல்லாமல் கார் டெஸ்டுக்குத் தேதியே பதிய முடியாது.

அதனால்தான் முதல் கேள்வியே அது. தியரி முடிக்காத ஆளுக்கு ‘5 நாளில் லைசென்ஸ்’ என்பது அரிசி வாங்காமல் பந்திக்கு இலை போட்ட கதை.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். இந்த நாட்டில் கார் ஓட்டக் கற்பதை விடக் கஷ்டம் டெஸ்டுக்குத் தேதி வாங்குவது. கோவிட் காலத்தில் மாதக்கணக்கில் டெஸ்டுகள் நின்றுபோயின. அப்போது தேங்கிய கூட்டம் இன்னும் வடியவில்லை. பல மையங்களில் நாலைந்து மாதத்துக்கு அப்பால்தான் தேதி கிடைக்கும். காலியாகும் தேதிகளை மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளி, கட்டணத்தைப் போல் பல மடங்குக்கு விற்கிற ஆட்களும் கிளம்பினார்கள். ஊரில் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும் புரோக்கர் இங்கே ஆப்பாக அவதாரம் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். இதைக் கட்டுப்படுத்த 2025 நவம்பரில் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: தேதியைக் கற்பவர்தான் பதிய வேண்டும், பயிற்சிக் கம்பெனியோ இன்ஸ்ட்ரக்டரோ அவர் சார்பில் பதியும் வழக்கம் முடிவுக்கு வரும் என்று. பல இன்டென்சிவ் கோர்ஸ்கள் விற்றதே ‘தேதியும் நாங்களே வாங்கித் தருவோம்’ என்ற ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். இனி யாராவது அப்படிச் சொன்னால், எப்படி என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள்.

ஐந்து நாள் என்று அவர்கள் சொல்வது காரில் உட்கார்ந்த நாளிலிருந்து எண்ணினால்தான் ஐந்து. வரிசையில் நிற்கிற நாலு மாதத்தையும் சேர்த்தால்? அந்த நாலு மாதம் சும்மா இருந்துவிட்டுக் கடைசி ஐந்து நாளில் முழுதையும் அடைப்பதா, இல்லை அந்த நாலு மாதத்தையே பழகுவதற்குப் பயன்படுத்துவதா? கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டால் பாதிப் பேருக்குப் பதில் தானாகவே வந்துவிடும்.

எத்தனை மணி நேரம் தேவை? டெஸ்டை நடத்துகிற டிவிஎஸ்ஏ என்ற அரசு அமைப்பே ஒரு சராசரிக் கணக்கு சொல்கிறது. பாஸ் ஆகிறவர்கள் இன்ஸ்ட்ரக்டரோடு 45 மணி நேரமும், வீட்டாரோடோ நண்பரோடோ 22 மணி நேரமும் ஓட்டியிருக்கிறார்கள். சேர்த்தால் 67. நாளைக்கு ஆறு மணி வீதம் ஐந்து நாள் ஓட்டினால் 30. பாதிகூட இல்லை. சராசரிதானே, நான் கெட்டிக்காரன் என்று சொல்லலாம்; ஆனால் டெஸ்டுக்கு வருகிறவர்களில் பாதிக்குப் பாதி தோற்கிறார்கள். தேர்ச்சி விகிதம் 50க்குச் சற்றுக் கீழேயே நிற்கிறது.

இதற்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1970களில் பிரிட்டிஷ் தபால் துறை தன் ஊழியர்களுக்குத் தட்டச்சு பழக்க வேண்டி வந்தது. பின்கோடு முறை வந்துவிட்டது; கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரத்தில் அந்தக் கோடை யாராவது தட்ட வேண்டும். ஆலன் பேட்லி என்ற உளவியலாளர் ஊழியர்களை நாலு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு ரெண்டு மணி நேரம் வீதம் ரெண்டு வேளை, ஆக நாலு மணி நேரம். மற்ற இரண்டும் நடுவில். 1978இல் முடிவு வெளிவந்தது. நாளைக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள் விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ 35 மணி நேரம் பிடித்தது. நாலு மணி நேரம் பழகியவர்களுக்கு அதே வித்தைக்கு 50 மணி நேரம்.

காலண்டரில் பார்த்தால் தலைகீழ். நாலு மணி நேரக் குழு ரெண்டரை வார வேலைநாளில் முடித்துவிட்டது. ஒரு மணி நேரக் குழுவுக்கு ஏழு வாரம். வேடிக்கை என்னவென்றால், மிகக் குறைந்த மணி நேரத்தில் கற்றுக்கொண்ட அந்த ஒரு மணி நேரக் குழுவுக்குத்தான் மன நிறைவு குறைவு. பக்கத்து அறைக்காரன் முன்னால் போய்க்கொண்டிருக்கிறான், நாம் பின்தங்கிவிட்டோம் என்றே நினைத்தார்கள். ‘5 நாளில்’ என்ற விளம்பரம் குறிவைப்பதும் இந்த நினைப்பைத்தான்.

கையும் காலும் கற்றுக்கொள்கிற வித்தைகளுக்கு இடைவெளி தேவை, குறிப்பாகத் தூக்கம். இட்லி மாவு மாதிரிதான். கிரைண்டரை ஆறு மணி நேரம் ஓட்டினாலும் மாவு புளிக்காது. அரைத்து மூடிவைத்து ஒரு ராத்திரி விட வேண்டும். லண்டன் குளிரில் ஒரு ராத்திரி போதாமல் ஓவன் விளக்கைப் போட்டு அதற்குள்ளே வைக்கிற வீடுகளும் உண்டு. கிளட்ச்சும் அப்படித்தான். ஆரம்ப நாட்களில் பைட்டிங் பாயிண்ட், அதாவது கிளட்ச் பிடிக்கிற இடம், எங்கே என்று கால் தேடிக்கொண்டே இருக்கும், வண்டி நாலு தடவை அணைந்துபோகும், பின்னால் நிற்பவர் முகம் கண்ணாடியில் தெரியும். மறுநாள் காலை ஏறி உட்கார்ந்தால் யாரும் சொல்லித்தராமலே இடது கால் சரியான இடத்தில் நிற்கும். அந்த முன்னேற்றம் காருக்குள் நடந்ததில்லை, படுக்கையில் நடந்தது. அஞ்சு நாள் கோர்ஸில் இப்படி நடுவே வரும் ராத்திரிகள் மொத்தமே நாலு. டெஸ்ட் ஆறாம் நாள் என்றால் ஐந்து.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் ஆற்றாமை பாக்கி இருக்கிறது.

சென்னையில் ஒன்பது வருஷம் ஓட்டியவன் நான். கத்திப்பாராவில் ஆபீஸ் நேரத்தில் புகுந்து வெளியே வந்தவனுக்கு இந்த ஊர் எம்மாத்திரம் என்ற திமிர் இருந்தது. வந்த புதிதில் 30 மணி நேர கோர்ஸுக்கு மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டினேன். பேர் வேண்டாம். முதல் ரெண்டு நாள் ஒரு இன்ஸ்ட்ரக்டர். மூன்றாம் நாள் அவருக்கு வேறு வேலை என்று இன்னொருவர் வந்தார். முதல் ஆள் என்ன சொல்லித்தந்தார் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. தினமும் நாலாவது மணி நேரத்துக்கு மேல் அவர் சொல்வது காதில் விழும், மண்டையில் ஏறாது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு முட்டுச் சந்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரெண்டு பேரும் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

டெஸ்டில் நான் தோற்றது வண்டி ஓட்டத் தெரியாததால் இல்லை. குறுகலான தெரு. இடது பக்கம் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. அதில் ஒரு வேன் கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடித்து அதைத் தாண்டினேன், திரும்பவும் இடப்பக்கம் வந்தேன். அழகாகத்தான் தாண்டினேன். ஒடிப்பதற்கு முன் நடுக் கண்ணாடியையும் வலப்பக்கக் கண்ணாடியையும் பார்க்கவில்லை. முதல் தடவை எக்சாமினர் கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தொட்டார். அடுத்த தெருவில் மறுபடி. மூன்றாவது தடவை பின்னால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

டெஸ்டில் சின்னத் தப்பு 15 வரைக்கும் பொறுத்துக்கொள்வார்கள். அதை மைனர் என்பார்கள். சீரியஸோ டேஞ்சரஸோ ஒன்று விழுந்தால் போதும், கதை முடிந்தது. ஒரே மைனரைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் சீரியஸாக ஏற்றிவிடலாம். எனக்கு மைனர் ஆறு, சீரியஸ் ஒன்று.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. சென்னையில் பின்னால் வருகிறவன் தான் வருவதை ஹாரன் அடித்துச் சொல்வான். லாரிக்குப் பின்னால் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதியே வைத்திருப்பார்கள். ‘நான் பார்க்க மாட்டேன், நீ சொல்லு’ என்று அதற்கு அர்த்தம். ஒன்பது வருஷம் காதால்தான் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கண்ணாடியில் பார்க்க வேண்டும். மிரர், சிக்னல், அப்புறம்தான் ஸ்டியரிங். இந்த வரிசை வாயில் வருவதற்கு ஒரு நாள் போதும். கழுத்தில் வருவதற்கு எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், ஒரே இன்ஸ்ட்ரக்டர். புதிதாக ஒன்றைக் கற்பதை விடப் பழையதை மறப்பதற்கு அதிக நாள் பிடிக்கும் என்று எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். ரெண்டாவது தடவை நாலு மைனரோடு பாஸ்.

எனக்கு மட்டும் நடந்ததில்லை இது. மக்கள் டெஸ்டில் தோற்பதற்கான காரணங்களை டிவிஎஸ்ஏ வெளியிடுகிறது; சந்திப்புகளில் சரியாகப் பார்க்காததும், திசை மாற்றும்போது கண்ணாடி பார்க்காததும் முன்வரிசையில் நிற்கும். ஊரில் ஓட்டியவர்களுக்கு இன்னும் சில உண்டு. சிக்னல் வருவதற்கு ஐம்பது அடி முன்பே கிளட்ச்சை அமுக்கி வண்டியை உருள விடுவது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். ஜீப்ரா கிராஸிங்கில் ஆள் நிற்பதைப் பார்த்தும் வேகம் குறைக்காமல், ‘அவர்தான் நிற்பாரே’ என்று போவது. அப்புறம் வேகம். லண்டனில் எத்தனையோ தெருக்களில் 20 மைல்தான் வரம்பு; வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து ஊருக்குள் பொதுவாகவே 20தான். காலியான தெருவில் 20இல் போவது நமக்குத் தண்டனை மாதிரி இருக்கும்.

அப்படியானால் இந்த கோர்ஸே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்து மூன்று விதமான ஆட்களுக்கு இது நன்றாகவே உதவியிருக்கிறது. ஏற்கனவே 30, 40 மணி நேரம் ஓட்டிப் பழகி, டெஸ்டில் ஒரு தடவை கொஞ்சத்தில் தவறவிட்டு, மறுதேதி கையில் வைத்திருப்பவர் முதல் வகை. அவருக்கு 10 மணி நேரம் நெருக்கிப் பழகினால் துரு போய்விடும். ரெண்டாவது, நடுவில் விட்டவர். பிரசவமோ வேலை மாற்றமோ, ஆறு மாதம் ஸ்டியரிங்கே தொடாதவர். மூன்றாவது, வேலைக்கே லைசென்ஸ் தேவைப்படுகிறவர். வயதானவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்கிற கேர் வேலைக்கு வந்த நம்மாட்கள் நிறையப் பேர். கிராமப்புறங்களில் பஸ் மணிக்கு ஒன்றுகூட இருக்காது. கார் இல்லாவிட்டால் ஷிப்டே கிடைக்காது. அவர்களுக்கு இழக்கிற ஒவ்வொரு வாரமும் சம்பளம். 15 மணி நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் நாலரை வாரம் மிச்சம் என்றால் அவர்கள் கணக்கில் அது லாபம்தான். மணி நேரத்தைக் கொடுத்து நாளை வாங்குகிறோம் என்று தெரிந்தே செய்தால் தப்பில்லை.

ஸ்டியரிங்கே பிடித்திராதவர்களுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பதட்டப்படுகிற சுபாவம் உள்ளவர்களுக்கும். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் ஆறு மணி நேரம் ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிற நர்ஸ்களுக்கும்.

தோற்றால் என்ன ஆகும் என்பதையும் பணம் கட்டும் முன்பே யோசிக்க வேண்டும். சட்டப்படி 10 வேலைநாள் கழித்து மறுபடி எழுதலாம். நடைமுறையில் மறுபடி அந்த நீள வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அஞ்சு நாளில் அவசரமாக ஏறியது நாலு மாதத்தில் சாவகாசமாக இறங்கிவிடும். தேதி வரும்வரை அதைத் தக்கவைக்க மறுபடி வகுப்புகள், மறுபடி பணம். இன்ஸ்ட்ரக்டரின் மணி நேரத்துக்கு 40 பவுண்டு என்று வைத்தால் 30 மணி நேரம் 1,200 பவுண்டு. மேலே டெஸ்ட் கட்டணம் வார நாளில் 62, சனி ஞாயிறில் 75. இது முதல் தடவையே பாஸ் ஆனால் வருகிற கணக்கு. மறு டெஸ்டுக்கான வகுப்பு கோர்ஸில் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இன்னொரு பொறி இருக்கிறது, பலருக்கும் கண்ணில் படுவதில்லை. டெஸ்ட் தேதியைக் கட்டணம் இழக்காமல் மாற்றவோ ரத்து செய்யவோ 10 முழு வேலைநாள் முன்பே சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் வரைக்கும் 3 நாள் போதுமாக இருந்தது. வாராவாரம் பழகுகிறவருக்கு ரெண்டு வாரம் முன்பே ‘இந்தத் தேதிக்கு நாம் தயாராக மாட்டோம்’ என்று தெரிந்துவிடும், தள்ளிப்போட்டுக்கொள்வார். அஞ்சு நாள் கோர்ஸில் அது தெரிவது மூன்றாம் நாள். அப்போது கதவு மூடி ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

சேருவது என்று முடிவு செய்துவிட்டால் முதலில் ஒரே ஒரு வகுப்பு, ரெண்டு மணி நேரம், தனியாகப் பணம் கொடுத்து எடுங்கள். உங்களை ஓட்டவிட்டுப் பார்த்து, இன்னும் எத்தனை மணி நேரம் தேவை என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லட்டும். ஓட்டியே பார்க்காமல் போனில் ‘உங்களுக்கு 20 மணி போதும் சார்’ என்கிறவர் ஜாதகம் பார்க்காமலே பொருத்தம் சொல்கிறவர். காரில் ஏறியதும் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். பச்சை எண்கோணம் என்றால் முழுத் தகுதி பெற்றவர். இளஞ்சிவப்பு முக்கோணம் என்றால் இன்னும் பயிற்சியில் இருப்பவர். சட்டப்படி அவரும் காசு வாங்கலாம், தப்பில்லை, ஆனால் கட்டணம் அதற்கேற்ப இருக்க வேண்டும். ரெண்டும் இல்லாமல் காசு வாங்கினால் குற்றம். கடைசிவரை இதே ஆள்தான் வருவாரா, நாளைக்கு எத்தனை மணி நேரம், டெஸ்ட் எந்த மையத்தில், அந்த மையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் பழக்குவாரா என்றும் கேளுங்கள். நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

ஆட்டோமேட்டிக்கில் பழகினால் சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். கிளட்ச் சண்டை இல்லை. ஆனால் அதில் பாஸ் ஆனால் லைசென்ஸ் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான்.

ஊரில் ஓட்டியவர்களுக்கு நான் சொல்கிற வழி வேறு. வந்து இறங்கிய மாதமே புரொவிஷனலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தியரியை மூன்று மாதத்துக்குள் முடியுங்கள். பாஸான அன்றே கிடைக்கிற தேதியைப் பதிந்துவிடுங்கள், அது நாலு மாதம் தள்ளி இருந்தாலும் சரி. முதல் 12 மாதம் உங்கள் இந்திய லைசென்ஸ் செல்லும் என்பதால், முறையாக இன்சூரன்ஸ் எடுத்து நீங்களாகவே இங்குள்ள சாலைகளில் ஓட்டிப் பழகலாம். அந்த 12 மாதம் தாண்டிவிட்டால் பக்கத்தில் ஆள் வேண்டும்: 21 வயதுக்கு மேல், லைசென்ஸ் வாங்கி 3 வருஷம் ஆனவர்; வண்டியில் எல் போர்டு; கற்பவருக்கான இன்சூரன்ஸ். நடுவே வாரத்துக்கு ஒரு வகுப்பு. கடைசி ரெண்டு வாரத்தில் மட்டும் நெருக்கிப் பிடியுங்கள், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். இன்டென்சிவ் என்பதை ஆரம்பத்தில் வைக்காமல் வாலில் வைப்பது, அவ்வளவுதான். அதற்குள் நாலைந்து மாதிரி டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிடலாம்: 20 மீட்டரில் நம்பர் பிளேட் படிப்பதில் ஆரம்பித்து, ரிவர்ஸ் பார்க்கிங், சாட்நாவ் சொல்கிற வழியில் தனியாக ஓட்டுவது எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம்.

பாஸ் ஆனதோடும் விஷயம் முடிவதில்லை. முதல் 2 வருஷத்தில் 6 பெனால்டி பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் பறிபோகும். மறுபடி புரொவிஷனல், மறுபடி தியரி. ஓட்டும்போது போனைக் கையில் எடுத்து ஒரு தடவை மாட்டினாலே 6.

சித்தி மகள் அந்த விளம்பரத்துக்குப் பணம் கட்டவில்லை. ஊரில் அவள் ஓட்டியதெல்லாம் சித்தப்பாவின் மாருதியில் சுசீந்திரம் கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும்தான். வீட்டருகே ஒரு பச்சை பேட்ஜ் அம்மாவிடம் ரெண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டினாள். “உனக்குக் கார் ஓட்ட வரும், பார்க்கத்தான் வராது” என்று அந்த அம்மா சொன்னாராம். இன்னும் 25 மணி நேரம் என்றும் சொல்லியிருக்கிறார். போன வாரம் தியரி பாஸ். நாலு மாதம் தள்ளி ஒரு புதன்கிழமை காலைக்குத் தேதி கிடைத்திருக்கிறது. அதற்குள் வாரத்துக்கு ஒரு வகுப்பு, கடைசி வாரம் மட்டும் லீவு போட்டு மூன்று நாள் நெருக்கி. மில்டன் கீன்ஸ் ரவுண்டபௌட்டுக்குப் பேர்போன ஊர், நூற்றுக்கு மேல் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வட்டம்தான்.

நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது. “அண்ணா, இன்னிக்கு மட்டும் 14 ரவுண்டபௌட். ஹாரனுக்குக் கை ரெண்டு தடவை போச்சு. அடிக்கல.”